நாலு விளக்கும் ஒன்றாக எரிந்த மாலை

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களை முன்வாசலுக்கு அனுப்ப வேண்டும். முன்னறையில் என் அண்ணன் பல் பிடுங்குகிறார். பின்னறையில் அண்ணி துப்பறிகிறார். நடுவே ஒரு மரத் தடுப்பு. எந்தப் பக்கம் அதிகம் அலறுகிறார்கள் என்பது நாளைப் பொறுத்தது.

அண்ணி முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலையில் இருந்தார். மேலாளரின் கார் விபத்தையும் ஒழுங்காக விசாரித்ததால் வேலை போயிற்று. நான் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். என் வேலை போனதற்கு அவ்வளவு கௌரவமான காரணம் இல்லை.

அன்று மதியம் வந்த பெண் கன்னத்தைப் பிடித்திருக்கவில்லை. ஒரு துணிப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்.

"என் வீட்டுக்காரர் லாஞ்ச் ஓட்டுறாருங்க," என்றார்.

அதற்கு மேல் அறிமுகம் தேவைப்படவில்லை. ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அக்கரையில் இருக்கும் ஆலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் லாஞ்ச், மூன்று நாளுக்கு முன்பு கடைசி நடையில் காலியாகத் திரும்பி வந்தது. துறைக்கு அருகே நங்கூரம் போட்டு நின்ற பாய்மரப் படகின் மீது நேராக மோதியது. பாய்மரப் படகில் ஆள் இல்லை. லாஞ்சின் முனையில் கயிற்றோடு நின்ற டிரைவரின் தம்பி தூக்கி எறியப்பட்டார். இன்னும் கண் திறக்கவில்லை.

"நாளைக்குக் காலையில துறைமுக ஆபீசுல விசாரணை. லைசென்ஸ் போயிடும். அதுக்கப்புறம் போலீஸ் கேஸ். தூங்கிட்டு ஓட்டுனார்னு எழுதப் போறாங்க."

"தூங்கினாரா?" என்றார் அண்ணி.

"இல்லைங்க. விளக்கைப் பார்த்தேங்கிறார்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "அக்கா, விளக்கு இல்லாததால இடிச்சேன்னு சொன்னா வழக்கு. விளக்கைப் பார்த்துட்டு இடிச்சேன்னா அது வாக்குமூலம்."

"தம்பி," என்றார் அண்ணி. என்னை அடக்க அவருக்கு இந்த ஒரு சொல் போதும். பிறகு அந்தப் பெண்ணிடம், "அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க," என்றார்.

"அந்தப் படகுல நாலு விளக்கு உண்டு. வரிசையா. தினமும் அதுக்கு இடப்பக்கமா ஒதுங்கி வருவார். அன்னைக்கும் நாலு விளக்கும் தெரிஞ்சுது. இடப்பக்கமா ஒதுங்கினார். கொஞ்சம் தாழ்வா தெரிஞ்சுதாம். தண்ணி வத்தியிருக்கும்னு நினைச்சாராம். அப்பதான் இடிச்சுது. நிமிர்ந்து பார்த்தா விளக்கெல்லாம் தலைக்கு மேல எரியுது."

"முதல்ல வலப்பக்கம் இருந்த விளக்கு, இடிச்சப்புறம் தலைக்கு மேல," என்றார் அண்ணி.

"ஆமாங்க. யாரும் நம்பல. இப்ப அவரே நம்பல. நான்தான் தூங்கிட்டேனோ, கனவுல விளக்கு பார்த்தேனோன்னு கேக்குறார். மூணு நாளா ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருக்கார். கண்ணை மூட மாட்டேங்கிறார். மூடினா, அன்னைக்கும் மூடியிருப்பேன்னு ஆயிடுமாம்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அண்ணனின் துளைக்கருவி ஓடி நின்றது.

"பையில என்ன?" என்றார் அண்ணி.

"கொழுந்தனோட துணி. ஆஸ்பத்திரியில இப்பத்தான் கொடுத்தாங்க. வீட்டுல வைக்கக்கூடப் போகல."

அண்ணி சட்டையை எடுத்து மேசைமேல் விரித்தார். உப்பு காய்ந்து விறைத்திருந்தது. முதுகுப் பக்கம் முழுக்கக் கடுகளவு வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன. சில உதிர்ந்து மேசையில் உருண்டன.

"தெர்மாகோல்," என்றேன். "கடல்ல பனி பெய்ஞ்சிருக்கு."

"லாஞ்சுல தெர்மாகோல் உண்டா?"

"எல்லாம் இரும்புங்க. உயிர்காக்கிற வளையம் இருக்கு, அது ரப்பர்."

"தண்ணியில இருந்து இவரைத் தூக்கினது யாரு?"

"செடிக்கடை அம்மா. அந்தப் பாய்மரப் படகுக்காரரோட சம்சாரம். சத்தம் கேட்டு அவங்கதான் துடுப்புப் படகுல முதல்ல வந்தாங்க. அவங்க இல்லேன்னா இவன் மூழ்கியிருப்பான். எங்க குலதெய்வம் மாதிரி அவங்க."

அண்ணி ஓர் உருண்டையை விரல் நுனியில் ஒட்டி எடுத்துப் பார்த்தார். பிறகு அதைத் தன் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு மூடினார்.

*

பாய்மரப் படகைத் துறைக்குப் பக்கத்துச் சேற்றுக்கு இழுத்து வந்திருந்தார்கள். ஒரு பக்கம் சாய்ந்து, களைத்த மாடு போலக் கிடந்தது. வயிற்றில் ஓட்டை. அதன் எதிரே ஒரு கல்லில் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். கடையை விற்றுப் படகு வாங்கினார். அந்தப் படகு இந்தக் குடாவைத் தாண்டி ஒருநாளும் போனதில்லை. குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியதற்காக ஊர் அவருக்கு அட்மிரல் என்று பட்டம் கொடுத்திருந்தது. அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் கிளம்பறதா இருந்தேன்," என்றார். "தனியா. உலகத்தைச் சுத்தி."

"தைரியம்தான்," என்றேன்.

"எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குப் பிரிவுபசார விழா. மருந்துக்கடைக்காரங்க சங்கத்துல. நான் பேசிட்டிருக்கும்போது தகவல் வந்துச்சு. கடலைப் பத்தித்தான் பேசிட்டிருந்தேன்."

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல சாட்சியோடு ஒரு மனிதன் வேறு இடத்தில் இருந்தால் எனக்கு எப்போதும் சந்தேகம் வரும். சங்கமே சாட்சி. மேடை, மைக், மாலை.

"விளக்கைக் காட்டுறீங்களா?" என்றார் அண்ணி.

சாய்ந்த தளத்தில் ஏறினோம். தோட்டத்தில் குத்திவைக்கும் சூரிய விளக்குகள்தாம். பகலில் வெயிலைக் குடிக்கும். இருட்டு தட்டினால் தானே எரியும். கீழே மண்ணில் குத்தும் முளையை அறுத்துவிட்டு, ஓரக் கம்பியில் கம்பிச்சுருளால் கட்டியிருந்தார்கள். முன்னால் ஒன்று, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்று. பின்விளக்குக்கு மேல் வெயிலுக்காகக் கட்டிய கித்தான் பந்தல் தொங்கியது.

"யாரோட யோசனை?"

"என் வீட்டுக்காரியோடது. பாய்மர உச்சியில ஒரு பல்பு இருந்துச்சு. பேட்டரியைக் குடிச்சே தீர்த்துச்சு, அப்புறம் அதுவும் பியூஸ். உச்சியில ஒத்தை விளக்கு இருந்தா நட்சத்திரம்னு நினைச்சுக்கிட்டு இடிப்பாங்க, படகோட உடம்பு தெரியணும்னு சொல்லி, கடையில விக்கிற விளக்கை அவதான் கொண்டுவந்து கட்டினா. பறவை எச்சம் விழுந்தா வெயில் இறங்காதுல்ல, ரெண்டு நாளைக்கு ஒருதரம் துடுப்புப் படகுல வந்து துடைச்சுட்டுப் போவா. படகைப் பிடிக்காது அவளுக்கு. ஆனா விளக்கைத் துடைப்பா."

"இடிச்சப்புறம் விளக்கு எரிஞ்சுதா?"

"நாலும் எரிஞ்சுது. ஓடிவந்த எல்லாரும் பார்த்தாங்க. நாளைக்கு அவளும் வந்து சொல்லப் போறா."

அண்ணி பின்விளக்கைக் கட்டியிருந்த கம்பியைத் தடவினார். அங்கே ஒரு சணல் நூல் துண்டு முடிச்சோடு இருந்தது. ஏதோ ஒன்றை விளக்கின்மேல் கட்டி, பிறகு பிய்த்து எடுத்தது போல. முடிச்சில் கறுப்புப் பாலித்தீனின் கிழிசல் மாட்டியிருந்தது. நாற்று வளர்க்கும் பையின் தடிமன். அதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவர் எதுவும் சொல்லாவிட்டால் நானும் சொல்லக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

படகின் முனைக்குப் போனார். இழுத்து வருவதற்காக அறுத்த நங்கூரச் சங்கிலியின் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணிகளே தெரியவில்லை. சிப்பியும் பாசியும் ஏறிக் கை மொத்தத்துக்கு ஒரே தண்டாக இருந்தது.

பாயைச் சுற்றி வைத்திருந்த உறையை அண்ணி அவிழ்த்தார். உள்ளே ஒரு பறவைக்கூடு. பழையது. குஞ்சு பொரித்துப் பறந்து போயிருந்தது.

தண்ணீர்க் கேன்களைத் தட்டினார். எல்லாம் காய்ந்து கிடந்தன.

இறங்கியதும் என் காதருகே சொன்னார். "அடுத்த வாரம் உலகத்தைச் சுத்தப் போறவர்."

"கண்டுபிடிச்சுட்டேன் அண்ணி," என்றேன். "ஆளுக்குப் போகப் பயம். ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சு. மாலையும் போட்டாச்சு. படகு உடைஞ்சா மானத்தோட வீட்டுல உக்காரலாம். விளக்கை மறைச்சு லாஞ்சை இடிக்க வச்சவர் இவர்தான்."

"சங்கத்துல மைக் பிடிச்சுக்கிட்டேவா?"

"ஆள் வச்சிருப்பார்."

"இருக்கலாம்," என்றார். அவர் இருக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். ஆனால் எப்போதும் அல்ல. அதுதான் தொந்தரவு.

*

துறை வாசலில் டிக்கெட் கூண்டு. உள்ளே மெலிந்த மனிதர் ஒருவர். கூண்டின் நிழலில் நாற்காலி போட்டுக் காவலாளி. இரண்டு பேருக்கும் வேலை லாஞ்ச் வரும்போது மட்டும். மிச்ச நேரத்துக்கு அவர்கள் எதிரெதிரே இருந்தார்கள்.

"அன்னைக்குச் சாயங்காலம் விளக்கு எரிஞ்சுதா?" என்றார் அண்ணி.

"எரிஞ்சுதுங்க," என்றார் டிக்கெட்காரர். "ஆபீசுலயும் அதைத்தான் சொன்னேன்."

"உறுதியா?"

"உறுதியா எப்படி இல்லாம இருக்கும்? டீ போச்சே."

"எந்த டீ?"

டிக்கெட்காரர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி நாற்காலியை இன்னும் கொஞ்சம் நிழலுக்குள் இழுத்துக்கொண்டார்.

"பந்தயம்," என்றார் டிக்கெட்காரர். "அந்தப் படகு விளக்கு நாலுல எது முதல்ல எரியுதுன்னு. தினமும். நான் பின்விளக்கு. இவரு முன்விளக்கு. தோத்தவன் டீ வாங்கணும்."

"யார் ஜெயிப்பீங்க?"

"நான்தான். தினமும் நான்தான். பின்விளக்குதான் முதல்ல எரியும். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு மத்தது ஒண்ணொண்ணா. இவருக்கு அது மண்டையில ஏறவே மாட்டேங்குது. என்னைக்காவது முன்விளக்கு ஜெயிக்கும்னு நம்பிக்கிட்டு இருக்கார்."

"நம்பிக்கை இல்லாம எப்படிங்க வாழுறது," என்றார் காவலாளி. அந்த உரையாடலில் அவர் சொன்னது அவ்வளவுதான்.

"ஏன் பின்விளக்கு முதல்ல எரியுதுன்னு தெரியுமா?" என்றார் அண்ணி.

"நமக்கு எதுக்குங்க அது. டீ வருது."

"பந்தல்," என்றார் அண்ணி, என்னிடம். "பந்தல் நிழல் அதுமேல விழுது. மத்ததுக்குப் பகல் இருக்கும்போதே அதுக்கு இருட்டிடும்." டிக்கெட்காரர் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு டீ போச்சுன்னீங்களே. முன்விளக்கு ஜெயிச்சுதா?"

"அதுவும் இல்லைங்க. நாலும் ஒண்ணா எரிஞ்சுது. கண் சிமிட்டுற மாதிரி, டக்குனு. யாருக்கும் டீ இல்ல. இவரு ஜெயிச்சுட்டேன்னு சண்டை பிடிச்சார்."

அண்ணி தண்ணீர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஒரு பறவை சேற்றில் எதையோ கொத்தி, பிடிக்காமல் விட்டது.

"அப்ப படகு தெரிஞ்சுதா?"

"நிழலாத் தெரிஞ்சுது. பக்கத்துல துடுப்புப் படகு கட்டியிருந்துச்சு. அந்த அம்மா விளக்குத் துடைக்க வந்திருந்தாங்க. எப்பவும் வர்றதுதான்."

"திரும்பிப் போனதைப் பார்த்தீங்களா?"

"இருட்டிடுச்சே. போயிருப்பாங்க."

"வீடு எங்க?"

"அதோ, வளைவு தாண்டி. துடுப்பு போட்டா கால் மணி நேரமாவது ஆகும். அன்னைக்கு மட்டும் எப்படித்தான் பறந்து வந்தாங்களோ. நான் கூண்டைப் பூட்டிட்டு ஓடறதுக்குள்ள அந்தப் பையனைத் தூக்கிப் படகுல போட்டாச்சு. புண்ணியவதி."

நடந்தோம். நான் என் ஆம்புலன்ஸ் நாட்களை நினைத்துக்கொண்டேன். கூப்பிடுவதற்கு முன்பே வந்து நிற்கும் வண்டியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அப்படி ஒரு வண்டி வந்ததே இல்லை.

"நாலும் ஒண்ணா எரியணும்னா?" என்றார் அண்ணி.

"நாலுக்கும் ஒரே வெளிச்சம் இருக்கணும். பந்தல் இருக்கக்கூடாது."

"பந்தல் இருந்துச்சு."

"அப்ப விளக்கு அந்தப் படகுல இல்ல." என் நடை நின்றுவிட்டது. "படகுக்கு முன்னாடி, வேற எதுலயோ. பக்கத்துல கட்டின..."

"சொல்லு."

சொல்ல எனக்கு விருப்பமில்லை. அட்மிரலைச் சந்தேகப்படுவது சுகமாக இருந்தது.

*

செடிக்கடை கரையோரமாக நீண்டிருந்தது. பச்சை வலைக்கு அடியில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. மூலையில் தெர்மாகோல் பெட்டிகள் அடுக்கியிருந்தன. விதை முளைக்கப் போடுவது. பின்பக்கப் படிக்கட்டு நேராகத் தண்ணீரில் இறங்கியது. அங்கே துடுப்புப் படகு கட்டியிருந்தது. அந்தப் பக்கத்துச் சன்னலில் இருந்து பார்த்தால், பாய்மரப் படகு நின்ற இடம் தெரியும். இப்போது அங்கே தண்ணீர் மட்டும்.

அந்த அம்மா மண்ணில் கை வைத்துக்கொண்டிருந்தார். குள்ளமான, உறுதியான தோள்கள் கொண்ட பெண். தினமும் துடுப்பு போட்ட தோள்கள்.

"என்ன செடி வேணும்?"

"விளக்கு," என்றார் அண்ணி. "தோட்டத்துல குத்தி வைக்கிறது. நாலு."

அந்த அம்மா அலமாரியில் இருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிகளை எடுத்து வைத்தார். அண்ணி அவற்றைத் தொடவில்லை. கீழ்த்தட்டில் ஒரு மண்தொட்டிக்குள் உறையில்லாமல் நான்கு விளக்குகள் செருகியிருந்தன.

"அது?"

"அது மாதிரிக்கு வச்சிருக்கறது."

"மாதிரிக்கு ஒண்ணு போதுமே," என்றேன்.

அண்ணி குனிந்து ஒன்றை உருவினார். முளை கூட்டல்குறி வடிவத்தில் இருந்தது. நாலு பக்கமும் பள்ளம். மண்ணில் குத்தினால் அந்தப் பள்ளத்தில் மண் ஒட்டும். எதிலும் குத்தாவிட்டால் சுத்தமாக இருக்கும். இதன் பள்ளத்தில் வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன.

அண்ணி கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அதிலிருந்த ஓர் உருண்டையை எடுத்து மேசைமேல் முளைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது அந்தப் பையனோட சட்டை முதுகுல இருந்துச்சு," என்றார் அண்ணி. "அவனை நீங்க உங்க படகுல எது மேல படுக்க வச்சீங்களோ, அதுல இருந்து."

அந்த அம்மா மண் கையைப் புடவையில் துடைக்கப் போனார். பிறகு துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

"தூக்கிப் போட்டிருக்கணும்," என்றார். "ஒரு நாள்தான் எரிஞ்சுது. நல்ல விளக்கு. தூக்கிப் போட மனசு வரல."

"படகுல இருந்த விளக்குக்குப் பை மாட்டினீங்க."

"நாத்துப் பை. கறுப்பு. உள்ள எரிஞ்சாலும் வெளிய தெரியாது. துடைக்கறப்பவே மாட்டிட்டேன். இந்த நாலையும் பெட்டி மேல குத்தி என் படகுல வச்சுக்கிட்டேன். கரையில இருந்து பார்த்தா அதே வரிசை."

"இருட்டினதும் கயித்தை அவிழ்த்துட்டு லாஞ்சுல வர்றவருக்கு வலப்பக்கமாத் தள்ளிப் போய் நின்னீங்க."

"லாஞ்ச் விளக்குக்கு இடப்பக்கமா ஒதுங்கும்னு தெரியும். தினமும் சன்னல்ல பார்க்கறவதானே." குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "கடைசி நடையில ஆள் இருக்காது. டிரைவர் பின்னாடிக் கூண்டுல இருப்பார். படகுல யாரும் இல்ல. ஒரு ஓட்டை விழும், அவ்வளவுதான்னு நினைச்சேன். முனையில அந்தப் பையன் நிப்பான்னு எனக்குத் தெரியாது. இடிச்சப்பத்தான் பார்த்தேன். என் விளக்கை அணைச்சுட்டு, வேகமாத் துடுப்பு போட்டுப் போய்ப் பையை எல்லாம் பிச்சு எடுத்துட்டு..."

நிறுத்தினார்.

"பையை முதல்ல எடுத்தீங்களா, பையனை முதல்ல எடுத்தீங்களா?" என்றார் அண்ணி.

அண்ணியோடு சேர்ந்ததிலிருந்து என் காதில் விழுந்த கேள்விகளில் அதுதான் கொடியது. பதிலுக்கு அவர் காத்திருந்தார்.

"பையை," என்றார் அந்த அம்மா.

அண்ணி அந்த உருண்டையை எடுத்து மறுபடி கூட்டுக்குள் போட்டு மூடினார்.

"அந்த டிரைவர் தூங்கிட்டு ஓட்டுனார்னு நாளைக்கு எழுதப் போறாங்க," என்றார் அண்ணி. "நீங்க சாட்சி."

"விளக்கு எரிஞ்சுதான்னு கேப்பாங்க. எரிஞ்சுதுன்னு சொல்லுவேன். பொய் இல்லையே."

"இல்ல. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல."

"எதுக்கும்மா?" என்றேன். கேட்கக்கூடாது என்று ஒப்பந்தம். இருந்தாலும் கேட்டேன். "அடுத்தவன் படகா? உங்க வீட்டுப் படகு."

"அவரு போயிடுவார்ல." இதுவரை நேராக இருந்த குரல் அங்கே லேசாகக் கோணியது. "அடுத்த வாரம். தனியா. நீச்சல்கூடத் தெரியாது அவருக்கு. கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். சிரிக்கிறார். மருந்து வித்த மனுஷன். இந்தக் குடாவைத் தாண்டினா என்ன இருக்குன்னு அவருக்கு என்ன தெரியும்? விளக்கு கட்டி விட்டேன், யாரும் இடிச்சிடக் கூடாதேன்னு. அதே விளக்கைத்தான் வச்சு..."

வலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொட்டி உருண்டது. அட்மிரல் நின்றுகொண்டிருந்தார். படகிலிருந்து கழற்றிய திசைகாட்டி கையில் இருந்தது. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால், வேண்டிய அளவு முன்பே வந்திருந்தார்.

"என்னை நிறுத்தவா?" என்றார்.

அந்த அம்மா அவரைப் பார்க்கவில்லை.

அட்மிரல் திசைகாட்டியை மேசையில் வைத்தார். அதன் முள் கொஞ்சம் ஆடி நின்றது.

"சொல்லுங்க," என்றார் அண்ணி, அவரிடம். மெதுவாகத்தான். "நான் சங்கிலியைப் பார்த்தேன். பாயைப் பார்த்தேன். கேனைத் தட்டிப் பார்த்தேன். இவங்களுக்குத் தெரியாது. நீங்களே சொல்லிடுங்க."

அட்மிரல் தொப்பியைக் கழற்றினார். தொப்பி இல்லாமல் அவர் மருந்துக்கடைக்காரர் மாதிரியே இருந்தார்.

"போன வருஷம் நங்கூரத்தை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்," என்றார். "வரல. அதுக்கப்புறம் நான் இழுக்கவே இல்ல."

"அப்ப கிளம்பறேன்னு சொன்னது?" என்றார் அந்த அம்மா.

"கேட்டாங்க. சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. சொன்னதுல இருந்து எப்படி இறங்கறதுன்னு தெரியல." பிறகு, "நான் எங்கடி போயிருப்பேன்," என்றார்.

அந்த அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் அழவில்லை. கணவரைச் சுடுமண் தொட்டியின் விரிசலைப் பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்க இதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றார்.

அவ்வளவுதான். பிறகு குழாயைத் திறந்து கை கழுவினார். நகக்கண்ணில் இருந்த மண்ணைக்கூட விடாமல் கழுவினார். நாலு விளக்கையும் ஒரு பையில் எடுத்துப் போட்டார்.

"எந்த ஆபீசுக்கு வரணும்?"

"துறைமுக ஆபீசுக்கு. அதிகாரி சாயங்காலம் இருப்பார்."

"அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?" என்றார். "அந்த டிரைவரை ஒருதரம் பார்க்கணும்."

*

துறையைத் தாண்டும்போது வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சேற்றில் சாய்ந்து கிடந்த படகில், கிழிந்த பந்தலுக்கு அடியில் பின்விளக்கு முதலில் எரிந்தது. டிக்கெட்காரர் கூண்டுக்குள் இருந்தபடியே ஒரு விரலை உயர்த்தினார். காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து டீ வாங்கப் போனார்.

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அட்மிரல் பார்த்தார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சின் நுனியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கண்கள் சிவந்து, இமைகள் வீங்கி, சுவரில் ஒரே இடத்தைப் பார்த்தபடி. மனைவி பக்கத்தில் நின்றார். செடிக்கடை அம்மாவைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"அவன் கொஞ்சம் முந்தி கை விரலை அசைச்சானுங்க," என்றார். "எல்லாம் உங்களால."

அந்த அம்மாவால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள முடியவில்லை. டிரைவரின் எதிரே போய் நின்றார். பையில் இருந்து ஒரு விளக்கை எடுத்தார். தாழ்வாரம் மங்கலாக இருந்ததால், கீழே இருந்த விசையைத் தட்டியதும் அது எரிந்தது.

"நீங்க பார்த்த விளக்கு இதுதான்," என்றார். "உங்களுக்கு வலப்பக்கம்தான் இருந்துச்சு. என் கிட்ட இருந்துச்சு. படகுல இல்ல."

டிரைவர் விளக்கைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்து நான் அரை அடி முன்னால் வந்தேன். கோபத்துக்கு முன்னால் அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"தாழ்வா இருந்துச்சா?" என்றார்.

"தாழ்வாத்தான் இருந்துச்சு. நான் உக்காந்திருந்தேன்."

"நான் தூங்கல."

"நீங்க தூங்கல. நீங்க சரியாத்தான் ஓட்டுனீங்க."

அவர் மனைவியின் கூப்பிய கைகள் மெல்லப் பிரிந்து இறங்கின. அந்தப் பெண் அப்போதுதான் பேசத் தொடங்கினார். அதை இங்கே எழுத முடியாது. அந்த அம்மா தலைகுனிந்து நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். அண்ணி தடுக்கவில்லை.

கடைசியில், துறைமுக அதிகாரியைப் பார்க்க நேரமாகிவிட்டது என்று அண்ணி சொன்னார். டிரைவரும் வரவேண்டும். கூப்பிட நான் குனிந்தேன்.

தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.